வாய் வரை ஊற்றிய பெட்ரோல்

எங்கள் சித்தப்பாவுக்குக் குறை என்பதே ஆகாது. நல்ல காரியம் என்றால் எல்லாம் நிறைந்திருக்க வேண்டும். அத்தைக்குக் கல்யாணம் நடந்த அன்று, பெண்ணாடத்தில் எங்கள் வீட்டுக் குடங்களெல்லாம் கழுத்து வரை தளும்பின. மரக்காலில் நெல் கூம்பு கட்டி நின்றது. குங்குமச் சிமிழில் அவர் அமுக்கிய அமுக்கில் மூடியே போட முடியவில்லை. சின்னப் பெண்ணும் வெறும் மடியோடு போகக் கூடாது என்று என் மடியில் இரண்டு வாழைப்பழத்தைச் செருகிவிட்டுப் போனார். மனுஷர் தங்கமானவர்தான். அறுபதுகளில் எங்கள் தெருவில் எந்த வீட்டு விசேஷமும் அவர் இல்லாமல் நடந்ததில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. அம்மா கைக்குழந்தையோடு அல்லாடிக்கொண்டிருந்ததால் எனக்குத் தலை பின்னுவது, சோறு ஊட்டுவது, கதை சொல்வது எல்லாம் அத்தைதான். விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்தால், கண்ணை மூடிக்கொண்டு காயத்தின் மேல் மெல்ல ஊதுவாள். "அவ்ளோதான்டி, பறந்து போச்சு பாரு" என்பாள். எரிச்சல் நிஜமாகவே போய்விடும். அப்படிப்பட்டவளை, விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேலை பார்க்கிற யாரோ ஒருவருக்குக் கட்டிக் கொடுத்து அனுப்பப் போகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் சம்மதமில்லை. என்னை யார் கேட்டார்கள்?

போதாததற்கு மாமியார் பயம் வேறு. பெண் பார்க்க வந்தபோதும் சரி, தாலி கட்டும்போதும் சரி, அந்த அம்மாள் சிரிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. 'கல்லுளிமங்கி' என்று எங்கள் வீட்டுப் பெண்கள் பெயரே வைத்துவிட்டார்கள். தாலி கட்டி முடிந்ததும், மருமகளை வாசலில் நின்று வரவேற்க வேண்டும் என்று அவர் முன்கூட்டியே பஸ்ஸில் கிளம்பிவிட்டார். அத்தை என்னைப் பக்கத்தில் இழுத்து, "அவங்களுக்கு என்னப் புடிக்கல போலடி" என்றாள். எட்டு வயதுப் பெண்ணிடம் போய் இதைச் சொல்கிறாள் என்றால், சொல்வதற்கு அவளுக்கு வேறு யாரும் இல்லை என்றுதானே அர்த்தம்? பாவம்.

வாடகைக்கு ஒரு பிளஷர் கார் வந்தது. முன்னால் டிரைவரும் சித்தப்பாவும். பின்னால் புது மாமாவும் அத்தையும், துணைப் பெண் என்ற பெயரில் நடுவில் நானும். சீர் சாமானும் அத்தையின் துணிப்பெட்டியும் மாட்டுவண்டியில் ஏற்கெனவே கிளம்பியிருந்தன. பாதி வழியிலேயே அந்த வண்டியை நாங்கள் முந்திவிட்டோம்.

விருத்தாசலத்தை நெருங்கும்போது சித்தப்பாவின் கண்ணில் பெட்ரோல் பங்க் பட்டது.

"வண்டியில எவ்ளோ இருக்குது?"

"பாதி டேங்க்கு இருக்குதுங்க. போயிட்டுத் திரும்பத் தாராளமாக் காணும்."

"பாதியா! பொண்ணு போற வண்டி கொறையாப் போவலாமாய்யா? திருப்பு பங்க்குக்கு!"

புது மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கல்யாணமாகி மூன்று மணி நேரம்கூட ஆகாத மாப்பிள்ளை என்ன பேசிவிட முடியும்?

காரின் ஆட்டத்தில் அத்தைக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இறங்கி, பின்பக்கச் சக்கரத்தை ஒட்டிச் சாய்ந்துகொண்டு நின்றாள். அங்கேதான் டேங்க்கின் வாய் இருந்தது. பங்க்காரர் ஊற்றி நிறுத்தி, ஃபுல் என்றார். சித்தப்பா குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னும் எடம் இருக்குதேய்யா. தளும்பி நிக்கணும்."

"வேணாங்க" என்று டிரைவர் ஓடி வந்தார். "இந்த டேங்க்குக்குக் கழுத்து குறுகல். அமுக்கி ஊத்துனா காத்து வெளிய வர வழியில்லாம திருப்பித் துப்பிடும்."

சித்தப்பா கேட்கிற ஆளா? குழாயைத் தானே வாங்கி அழுத்தினார். டேங்க்குக்குள் களக் களக் என்று சத்தம் கேட்டது. பெரிய ஏப்பம் மாதிரி ஒன்று வந்தது. அவ்வளவுதான், பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டு வந்து அத்தையின் கூரைப்புடவையை இடுப்பிலிருந்து கால் வரை நனைத்துவிட்டது. நான் கூடவே இறங்கி அவளுக்கு அந்தப் பக்கம் நின்றதால் தப்பித்தேன். எதிரே பீடி பற்றவைக்கப் போன ஒருவரைப் பார்த்து பங்க்காரர் போட்ட கூச்சலில் தெருவே திரும்பியது. சித்தப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

மாற்றிக்கொள்ள ஒரு துணி இல்லை, பெட்டி மாட்டுவண்டியில். காத்திருக்கவும் முடியாது, ராகு காலம் வந்துவிடும். ஒரு வாளித் தண்ணீரைக் காலோடு ஊற்றிக்கொண்டு அத்தை காரில் ஏறினாள். "இந்த நாத்தத்தோட எப்பிடிடி அவங்க முன்னால போய் நிப்பேன்?" என்றாள். என் கையை விடவே இல்லை.

மாமா வீட்டு வாசலில் பெரிய கும்பல். இரண்டு பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். சிவப்புத் தண்ணீருக்கு நடுவே வெற்றிலை, அதன் மேல் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அத்தை இறங்கி இரண்டடி வைத்ததும் டிரைவர் கத்தினார்.

"நெருப்ப அப்பால எடுங்கம்மா! பொண்ணு மேல பெட்ரோலு!"

தட்டு பிடித்திருந்தவள் சட்டென்று பின்னுக்கு நகர்ந்தாள். ஆரத்தி எடுக்காமல் தட்டை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று ஒரு குரல். ஏற்றின கற்பூரத்தை வாசலில் அணைப்பது ஆகவே ஆகாது என்று இன்னொரு குரல். அத்தை தலை குனிந்து நின்றாள்.

கல்லுளிமங்கி படியிறங்கி வந்தார். யாரையும் பார்க்கவில்லை, ஒன்றும் பேசவில்லை. எரிகிற கற்பூரத்தை வெறும் கையால் பொத்தி அணைத்தார். தட்டுக்காரியைப் பார்த்து, சுற்று என்று தலையை அசைத்தார். வெறும் தண்ணீரில் ஆரத்தி முடிந்தது. அத்தையின் கையைப் பிடித்துக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு ஒரே சந்தோஷம். கற்பூரத்தை அணைத்துவிட்டார், அத்தை அவருக்கு வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுவார்! சித்தப்பாவின் வேட்டியை இழுத்து, "அத்தையக் கூட்டிக்கினு நம்ம வூட்டுக்குப் போயிடலாம்" என்றேன். அவர் என் தலையைத் தடவினார். சாப்பாடு முடிந்தது. பெட்டியும் வந்து சேர்ந்தது. அத்தையை யாரும் திருப்பி அனுப்புகிற மாதிரித் தெரியவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது, சொல்லிக்கொண்டு வா என்று என்னைக் கொல்லைக்கு அனுப்பினார்கள். பெட்டி வந்த பிறகும் அத்தை மாமியாரின் வெளுத்துப்போன நூல்புடவையைத்தான் கட்டியிருந்தாள். தலை ஈரமாக இருந்தது. மாமியாரின் சூடுபட்ட உள்ளங்கையைத் தன் மடியில் வைத்து, சூளையிலிருந்து மாமா கொண்டுவந்திருந்த வெள்ளைக் களிமண்ணைக் குழைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

"வாசல்ல அணைக்கக் கூடாதுன்னாங்களே அத்தை" என்று மாமியாரிடம் சொன்னாள்.

"அத அணைக்காம, ஒன்னப் பத்திக்க உடச் சொல்றியா?" என்றார் கல்லுளிமங்கி. அந்தக் குரலை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன். கரகரவென்று இருந்தது.

அத்தை சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கையின் மேல் மெல்ல ஊதினாள்.

எனக்கு உச்சி வரை எரிந்தது. அது எனக்கு ஊதுகிற ஊதல்! சொல்லிக்கொள்ளாமலே திரும்பி ஓடிவந்து காரில் உட்கார்ந்துகொண்டேன். மடியில் வாழைப்பழம் நசுங்கிக் கூழாகியிருந்தது. பெண்ணாடம் வரை விக்கி விக்கி அழுதேன். பெட்ரோல் வாடை போகாத கையால் சித்தப்பா என் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அழாத கண்ணு. ஒங்கத்தை அங்க நல்லா இருப்பா."

நானும் அதற்குத்தான் அழுகிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது.