டைகருக்கும் அம்மாவுக்கும் ஒரே சட்டி

எங்கள் பக்கத்தில் நாய்க்கென்று யாரும் உலை வைப்பதில்லை. வீட்டில் மிஞ்சுவது நாய்க்கு. மீன் தலை, முள், சட்டியில் ஒட்டின சோறு. மிஞ்சினால் உண்டு, மிஞ்சாவிட்டால் இல்லை. நாயும் அதைக் குறையாக நினைத்ததில்லை. அப்படிப்பட்ட ஊருக்கு மாமா அந்தச் சமையல் புத்தகத்தைக் கொண்டுவந்தார்.

மாமா அம்மாவுக்கு நேர் இளையவர். குவைத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் சமையலுக்கு நின்றார். அவர்கள் வீட்டைக் காலி செய்து சொந்த ஊருக்குப் போகும்போது சாமான்களைப் பகிர்ந்து கொடுத்தார்கள். மாமாவுக்கு ஒரு மிக்சி, ஒரு பெட்டி நிறையச் சட்டை, கூடவே இந்தப் புத்தகம். நாயும் நாயை வளர்க்கிறவரும் ஒன்றாகச் சாப்பிடுவதற்கான சமையல் அதில் இருந்தது. வழவழப்பான தாள். அட்டையில் ஒரு நாய் கழுத்தில் துண்டு கட்டி மேசை முன்னால் உட்கார்ந்திருக்கும். எதிரே நரைத்த தலையோடு ஒரு அம்மா, கையில் கரண்டி. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் படம். பெரிய தட்டு ஒன்று, சின்னக் கிண்ணம் ஒன்று, இரண்டிலும் ஒரே சாப்பாடு.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அப்பா சவுதிக்குப் போய்க் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வீட்டில் நானும் அம்மாவும் டைகரும்.

டைகர் நாட்டு நாய். செம்மண் நிறம். குழித்துறைச் சந்தையில் காலில் சுற்றிச் சுற்றி வந்த குட்டியை அப்பா சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அவர் போனதிலிருந்து அது மெலிந்துகொண்டே வந்தது. வாசலில் படுத்தது படுத்தபடி கிடக்கும். விலா எலும்பு தெரிந்தது. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"எஜமான் போன விசாரம் மக்கா. சில பட்டி அப்பிடித்தான். வெள்ளம்கூடக் குடியாமக் கெடந்து செத்துப்போவும்."

எங்கள் ஊரில் நாயைப் பட்டி என்றும் சொல்வார்கள். மாமி சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அப்பா வரும்போது டைகர் இல்லையென்றால் என்ன செய்வது? பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வருவேன். தூரத்திலிருந்தே அதன் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன்.

அம்மா அண்டி ஆபீசுக்குப் போனாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். சாயங்காலம் வந்து எனக்கு மட்டும் அளந்து அரிசி போடுவாள். எனக்கு விளம்பிவிட்டு அவள் பாலில்லாத ஒரு கட்டன்காப்பியைக் குடித்துவிட்டுச் சுவரில் சாய்வாள்.

"நீ திங்கல்லியா?"

"ஆபீஸ்ல தின்னாச்சு."

சட்டியில் எதுவும் மிஞ்சாது. நான் என் தட்டிலிருந்து ஒரு உருண்டை சோறு எடுத்து டைகருக்கு வைப்பேன். வைத்த கையை எடுக்குமுன் விழுங்கிவிடும். விழுங்கிவிட்டு மறுபடி தலையைக் காலில் வைத்துக்கொள்ளும். விசாரம் பிடித்த நாய் அப்படி விழுங்குமா என்று எனக்குத் தோன்றவில்லை.

மாமா லீவில் புதுக்கடை என்ற ஊரில் இருக்கிற தன் வீட்டுக்கு வந்தார். மறுநாள் பைக்கில் எங்கள் வீட்டுக்கு வந்தார். டைகரைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அடுக்களைக்குள் போய்ச் சட்டிகளைத் திறந்து திறந்து மூடினார். பிறகு பலா மரத்தடியில் நின்று அப்பாவுக்குப் போன் செய்தார். நான் மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"ஆமா அத்தான். நல்லா மெலிஞ்சுபோச்சு. திங்கவே இல்ல போல. நேர சொன்னாக் கேக்கிற இனமா அது?"

எனக்கு ஆறுதலாக இருந்தது. டைகர் விஷயம் அப்பா காதுக்குப் போய்விட்டது. சொன்னால் கேட்கிற இனம் இல்லை என்பதும் சரிதான். நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருந்தேன்.

அடுத்த நாள் சாயங்காலம் மாமா கோழியும் எங்கள் பக்கம் மத்தங்காய் என்கிற பரங்கிக்காயில் ஒரு துண்டும் வாங்கிக்கொண்டு வந்தார். கையில் அந்தப் புத்தகம். அம்மா அப்போதுதான் ஆபீசிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். முந்திரிப் பால் பட்டுக் கறுத்த விரல்.

"டைகருக்கு வைத்தியம் பாக்கப் போறேன்" என்றார் மாமா. "இந்த வீட்டில ஓனர் யாரு?"

"நான்" என்றேன்.

"நீ கொள்ளாது. பொடிப் பிள்ளைகளுக்கு இதில படம் இல்ல. பாரு, எல்லாப் பக்கத்திலயும் பெரிய ஆளுதான்."

புரட்டிக் காட்டினார். உண்மைதான். எல்லாம் பெரிய ஆட்கள். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

சமையல் பாதி வழி வரைக்கும் ஒன்றாகப் போகும். கோழியை எலும்பு எடுத்து, மத்தங்காயும் அரிசியும் போட்டு வேகவைத்தார். உப்பு இல்லை, உறைப்பு இல்லை, வெங்காயம் இல்லை. அதெல்லாம் பட்டிக்கு ஆகாது என்றார். வெந்ததும் டைகருக்கு உள்ளதைக் கிண்ணத்தில் எடுத்து ஆறவைத்தார். மீதிச் சட்டி மறுபடி அடுப்புக்குப் போனது. தேங்காயும் மிளகாய் வத்தலும் பூண்டும் அரைத்து விட்டார். உப்பு போட்டார். கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினார். வேலிக்கு அந்தப் பக்கம் மாமி இருமினாள்.

ஒரு தட்டு நிறைய வைத்து அம்மா முன்னால் நீட்டினார்.

"எனக்கு வேண்டாம்லே. ஆபீஸ்ல தின்னாச்சு."

"ஒனக்கு வேணுமாண்ணு யாரு கேட்டா? இது டைகருக்கு மருந்து. ஓனர் மொதல்ல திங்கணும். அத அது பாக்கணும். பொறவுதான் தொடும். புஸ்தகத்தில போட்டிருக்கு."

"எங்க போட்டிருக்கு?"

மாமா ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தார். மாமா ஏழாவதோடு நிறுத்தினவர். அம்மா பத்து பாசான ஆள். அந்த இங்கிலீஷ் வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். அவர் அடுப்புச் சாம்பலைத் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தாள்.

டைகரின் கிண்ணம் மாமா மடியில் இருந்தது. அவர் முன்னால் டைகர் எச்சில் வடிய உட்கார்ந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தின்னும்மா. இல்லண்ணா டைகர் செத்துப்போவும்."

அம்மா ஒரு வாய் எடுத்தாள். மாமா கிண்ணத்தைத் தரையில் வைத்தார். டைகர் பாய்ந்தது. புத்தகத்தில் சொன்னபடியே நடந்தது.

"போருமா?" என்றாள் அம்மா.

"வயறு நெறையணும்."

"அதும் போட்டிருக்கா?"

"அடுத்த பக்கத்தில."

அம்மா தின்றாள். தட்டில் கொஞ்சம் மிஞ்சியது. அதையும் டைகருக்கு வைக்கலாமா என்று கேட்டேன். உப்பு இருக்கிறதே என்றார் மாமா. அப்படியானால் தின்றுதான் தீர்க்க வேண்டும். அம்மா அதையும் தின்றாள்.

அதன் பிறகு மாமா லீவு முடியும் வரை ஒருநாள் விட்டு ஒருநாளாவது வருவார். மரச்சீனிக் கிழங்கும் சாளை மீனும் ஒரு நாள். முட்டையும் கேரட்டும் ஒரு நாள். டைகருக்கு முள் எடுத்தது, உப்பில்லாதது. அம்மாவுக்கு முளகு அரைத்தது. எனக்கு இரண்டிலும் ருசி பார்க்க அனுமதி உண்டு. ஒரு நாள் படத்தைப் பார்த்து எலும்பு மாதிரியே கொழுக்கட்டை பிடித்தார். அம்மாவுக்குத் தேங்காயும் கருப்பட்டியும் வைத்தது. டைகருக்கு வெறும் மாவும் மத்தங்காயும்.

மாமி அப்போது உள்ளே வந்தாள். அம்மா கையில் எலும்பு. டைகர் வாயிலும் எலும்பு.

"ஏட்டி, பட்டிக்குள்ளதையா நீ தின்னுதே?"

"எனக்குள்ளதைத்தான், மாமி, பட்டி தின்னுது."

மாமி பக்கத்திலிருந்த தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். கொஞ்சம் மென்றாள்.

"கருப்பட்டி கொறவு."

"அது டைகருக்குள்ளது" என்றார் மாமா.

மாமி மெல்லுவதை நிறுத்தினாள். பிறகு மறுபடி மென்று விழுங்கினாள். "அதுக்கென்ன. வெந்துதானே இருக்கு" என்று சொல்லி மிச்சத்தையும் வாயில் போட்டாள்.

அம்மா சிரித்தாள். சிரித்துச் சிரித்துப் புரையேறி மாமா தலையில் தட்டவேண்டியதாயிற்று. மாமி சொன்னதில் அவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டைகர் தேறிவிட்டது. விலா மூடியது. பூனையை விரட்டத் தொடங்கியது. மாமா குவைத்துக்குத் திரும்பினார். புத்தகத்தை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். அம்மா அதைத் திறக்கவில்லை. ஆனால் சாயங்காலம் வந்ததும் பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றுவாள். உப்பு போடுமுன் ஒரு பங்கை எடுத்து வைப்பாள். தட்டோடு வாசலில் டைகர் முன்னால் உட்கார்வாள். நான் விடமாட்டேன். அம்மா முதல் வாய் வைத்த பிறகுதான் கிண்ணத்தை நகர்த்துவேன்.

வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு லீவு. அன்றைக்குப் போன் வரும். அந்த வாரமும் வந்தது. நானும் கேட்கட்டும் என்று அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். அப்பா என்னை விசாரிக்கவில்லை. அம்மாவையும் விசாரிக்கவில்லை.

"டைகர் தின்னுதா?" என்றார்.

"ம். தின்னுது" என்றாள் அம்மா.

"நல்லாட்டா?"

"நல்லாட்டுதான்."

"உப்பு, உறைப்பு எல்லாம் போட்டுத்தானே தின்னுது?"

அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு பாடுபட்டுத் தேற்றின நாய். போனைப் பிடுங்கினேன்.

"அப்பா, டைகருக்கு உப்பு குடுக்கக் கூடாது. புஸ்தகத்தில போட்டிருக்கு. உப்பு போட்டது அம்மாவுக்கு."

அந்தப் பக்கம் அப்பா சிரித்தார். நிறுத்தாமல் சிரித்தார். அம்மா என் கையிலிருந்து போனை வாங்கி, ஸ்பீக்கரை அணைத்து, காதில் வைத்துக்கொண்டு பலா மரத்தடிக்குப் போனாள். வெகு நேரம் திரும்பவில்லை.

நான் டைகர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பாவுக்கு நாய் வளர்க்கத் தெரியாது என்று அதனிடம் சொன்னேன்.