கரிச்சட்டி இல்லாத வார்டு

புதிய மருத்துவமனைக் கட்டடம் திறந்த பிறகு வந்த முதல் பனிக்காலத்தில் அப்பாவை அங்கே சேர்த்தோம். குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், இலை உலர்த்தும் டிரையருக்கு விறகு போட்டவர். அந்தப் புகையும் தூசும் நெஞ்சில் தங்கிவிட்டன. நான்கு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது.

வெள்ளைக்காரர் காலத்துப் பழைய வார்டு பக்கத்திலேயே இருந்தது. அதில் இப்போது மெத்தைகளை அடுக்கியிருந்தார்கள். முன்பு அங்கே கூடத்தின் நடுவில் கணப்பு எரியும்; அதுவும் போதாதவர்களுக்குக் கட்டிலடியில் கரிச்சட்டி வைப்பார்கள். புது வார்டில் வெள்ளை ஓடு பதித்த சுவர், கட்டிலுக்குக் கட்டில் திரை, தலைமாட்டில் ஆக்சிஜன் சிலிண்டர். சமவெளிக்குப் போட்ட வரைபடத்தையே இங்கும் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்: கூரையில் மின்விசிறிக்குக் கொக்கி, சுவரின் மேற்பகுதியில் காற்றோட்டத்துக்குச் சிமெண்ட் ஜாலி. மாலையில் அதன் வழியே மூடுபனி உள்ளே இறங்கும். சிஸ்டர் அந்த ஓட்டைகளில் செய்தித்தாளைத் திணித்திருந்தார். அது நனைந்து தொங்கியது.

ஆக்சிஜன் வைத்ததும் அப்பாவுக்கு மூச்சு சீரானது. குளிர்தான் தாங்கவில்லை.

"ஏன் அம்மிணி, சட்டியில ரெண்டு கரித்துண்டு போட்டுக் கட்டிலுக்கடியில வெச்சா உன் வேலை போயிருமா?" என்று சிஸ்டரிடம் கேட்டார்.

"வேலை போகாதுங்கப்பா, வார்டே போயிரும். ஆக்சிஜன் இருக்கற எடத்துல தீக்குச்சிகூட உரசக் கூடாதுங்க."

"காலமெல்லாம் டிரையருக்கு வெறகு போட்டவன்கிட்ட நெருப்பைப் பத்திச் சொல்றியா?"

"அதனாலதானுங்க உங்களுக்குச் சொன்னாப் புரியும்ங்கறேன்."

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நீடித்தது. சிஸ்டர் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி அவர் பாதத்தருகே வைத்தார். அது ஆறுவதற்குள் அடுத்ததைக் கொண்டுவந்தார். அப்படியும் கால் சில்லென்றே இருந்தது.

மறுநாள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு. அடுப்புகிட்டப் படுத்துக்கறேன்."

டாக்டரிடம் கேட்டேன். ஆக்சிஜனை எடுத்தால் எஸ்டேட் சாலையில் பாதி தூரம்கூடத் தாங்கமாட்டார் என்றார். அதை அப்பாவிடம் அப்படியே சொன்னேன். ஜாலியைப் பார்த்தபடி கிடந்தவர், "அப்ப இங்கயே கெடக்கறேன்" என்றார். அதன்பின் கரிச்சட்டியைப் பற்றி அவர் பேசவில்லை. மேலும் இரண்டு கம்பளி போர்த்தினோம். மூக்கில் குழாயுடன், கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டே ஒரு வாரம் இருந்தார். ஆக்சிஜன் இல்லாத பழைய வார்டாக இருந்தால் அந்த ஒரு வாரம் கிடைத்திருக்காது. அது எனக்குத் தெரியும். சிஸ்டர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

ஒரு பிற்பகலில் மூச்சு நின்றது. சிஸ்டர் நாடி பார்த்தார், குழாயை எடுத்தார், சிலிண்டரின் திருகை மூடினார். அம்மா அழவில்லை. கம்பளிக்குள் கைவிட்டு அப்பாவின் பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க சிஸ்டர், இனிமே இவருக்கு அந்தக் குழாய் வேண்டாமே. இப்பவாவது சட்டியைக் கொண்டாந்து வெக்கலாமுங்களா?"

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

"பக்கத்துக் கட்டிலுக்கும் ஆக்சிஜன் போகுதுங்கம்மா" என்றார் சிஸ்டர்.

அம்மா தலையை ஆட்டிவிட்டு மறுபடி தேய்க்கத் தொடங்கினாள்.