நடுவில் வந்து நிற்கும் வரைபடம்

நான் எழுதுவது ஒரு சின்ன மென்பொருள். பட்டாசுக் கம்பெனிகளில் மருந்து காயும் அறைகளின் ஈரப்பதத்தைக் கோடாக வரைந்து காட்டும். மழைக்காலத்தில் அந்தக் கோடு ஏறினால் வேலை நின்றுபோகும் என்பதால் சூப்பர்வைசர்கள் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆபீஸ் சிவகாசியில், நான் பெரும்பாலும் விருதுநகர் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறேன். காரணம் என் மனைவி. அவள் குவைத்தில் நர்ஸ்.

அவளுக்கு டூட்டி இல்லாத நாட்களில் வீடியோ காலைப் போட்டு அப்படியே விட்டுவிடுவேன். பேச வேண்டும் என்றில்லை. அவள் அங்கே வெங்காயம் நறுக்குவாள், துணி மடிப்பாள். நான் இங்கே வேலை பார்ப்பேன். எங்கள் குடும்பம் நடப்பது இப்படித்தான்.

அதற்கும் என் மென்பொருளே உலை வைத்தது. வரைபடத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்த விண்டோ திரைக்கு நட்டநடுவில், அவள் முகத்தின் மேல் வந்து உட்காரும். என் கண் அலைவதை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள்.

"ஏங்க, மறுபடியும் என்னய மறைச்சிட்டீகளா?"

ஆபீஸ் கூட்டத்தில் பேச்சை எடுத்தேன். விண்டோ எங்கே, எவ்வளவு பெரிதாகத் திறக்க வேண்டும் என்பதை நாம் முடிவு செய்ய வேண்டாம். பார்க்கிறவர் கடைசியாக வைத்த இடத்திலேயே, வைத்த அளவிலேயே திறக்கட்டும் என்றேன். நடுவில் வந்தால்தான் கண்ணில் படும் என்றார் முதலாளி. நல்லவேளை, எம். புதுப்பட்டிக் கம்பெனியின் சூப்பர்வைசர் ஒருவர் அன்று கூட்டத்தில் போன் வழியாக இருந்தார்.

"அண்ணாச்சி, ஓரமா தள்ளி வச்சா அங்கனயே கெடக்க வேண்டியதுதான? எம்புட்டு வாட்டி தள்ளுறது? ஆர்டர் எழுதுற எடத்த மறைக்குது."

முதலாளி இறங்கி வந்தார். என் வீட்டுக் காரணத்தைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. அப்படியே மாற்றி எழுதினேன். நான் இடது ஓரத்தில் வைத்த வரைபடம் அதிலிருந்து சமர்த்தாக அங்கேயே திறந்தது. வலப்பக்கம் முழுக்க அவளுக்கு.

கிறிஸ்துமஸுக்கு லீவில் வந்தாள். என் மேஜையருகிலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்கினாள். திரையில் அவளுக்கு இடம் விட வேண்டியதில்லை. வரைபடத்தை முழுக்கப் பரப்பிக்கொண்டேன். வெங்காய நெடியில் கண் எரிகிறது என்று சண்டை வேறு போட்டேன்.

லீவு முடிந்து போய்விட்டாள். அடுத்து அவளுக்கு ஓய்வு கிடைத்த நாளில் வீடியோ கால் போட்டாள். முகம் வந்தது. வரைபடத்தைத் திறந்தேன். நான் சொல்லிக்கொடுத்தபடியே, கடைசியாக வைத்த அளவில், திரை முழுக்கத் திறந்து அவளை மூடியது. அவள் போனது அதற்குத் தெரியாது. அவள் என் பக்கத்தில் இருந்த நாளிலேயே அது இன்னும் இருந்தது. சுருக்கினால் அதுவும் அந்த நாளை மறந்துவிடும். எனக்குக் கை போகவில்லை. அவள் போட்ட நாற்காலியைக்கூட நான் இன்னும் எடுத்திருக்கவில்லை.

"ஏங்க, இருக்கீகளா? சத்தத்தையே காணோம்?"

"இருக்கேன். கொஞ்சம் இரு."

விண்டோவின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பாதித் திரைக்குச் சுருக்கினேன். வலப்பக்கம் அவள் குனிந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் எரியவே இல்லை.