முன் ஆக்சில் உடைந்த வண்டி

எண்பதுகளில் நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு மல்லிகை ஏற்றிப்போன பிக்கப் வண்டியின் டிரைவர் அவர். ஒடிசலான உடம்பு, நரம்பு புடைத்த கைகள். கிளம்பும் முன் முன்சக்கரத்தை இரு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்ப்பார்.

தோட்டத்துப் பாதையில் வண்டியின் அடி இடிக்கிறதென்று முதலாளி ஸ்பிரிங்கில் இரும்புக் கட்டை வைத்து அதை உயர்த்தியிருந்தார். அதிலிருந்து முன் ஆக்சில் கோணலாகச் சுழன்று, அது சக்கரத்தோடு சேரும் ஜாயின்ட் அடிக்கடி தேய்ந்தது. ஒருநாள் ஓட்டத்திலேயே ஆக்சில் அந்த ஜாயின்டில் உடைந்து, வண்டி புளியமரத்தில் மோதியது. பின்னால் கூடைகளோடு இருந்த, சுமை இறக்கும் பையனான நானும் ஒரு பூக்காரம்மாவும் தூக்கியெறியப்பட்டோம். அந்தம்மாவுக்குக் கை ஒடிந்தது.

பட்டறையில் முதலாளி மெக்கானிக்கிடம், "புது ஜாயின்ட் போடு. கட்டை இருக்கட்டும்" என்றார்.

"கட்டைய எடுக்காம எவனும் இத ஓட்டக் கூடாது மொதலாளி" என்றார் டிரைவர்.

முதலாளி வீல் ஸ்பானரால் அவர் மண்டையில் அடித்தார். ரத்தம் வழிய, டிரைவர் அதைப் பிடுங்கி, அவரைக் கீழே தள்ளி, நெஞ்சில் முழங்காலை ஊன்றினார். ஸ்பானர் தலைக்கு மேல் உயர்ந்தது.

"எடுக்கச் சொல்லு. இல்ல, இங்கனயே சாவு!"

"எடு... எடுத்துரு" என்று முதலாளி மெக்கானிக்கைப் பார்த்துத் திணறினார்.

கடைசிக் கட்டை கழலும்வரை டிரைவர் ஸ்பானரோடு அங்கேயே நின்றார். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு, தலையில் துண்டை இறுக்கிக்கொண்டு நடந்தார்.

"எங்கண்ணே போறீக?" என்றேன்.

"ஆஸ்பத்திரிக்கு. அந்தம்மா தனியாக் கெடக்கும்ல."

முதலாளி மறுத்திருந்தால் அந்த ஸ்பானர் இறங்கியிருக்குமா என்று இன்றும் யோசிக்கிறேன். இறங்கியிருக்கும் என்றே தோன்றுகிறது. ஆனாலும் அவரை வெறுக்க என்னால் முடியவில்லை.