மகளின் கையிலிருந்த வசம்பு

எட்டு மாத மகளோடு மதுரைக்குப் போய்விட்டு, மெல்போர்னில் கிளேட்டனிலுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது அம்மா, கண் படக்கூடாதென்று, வசம்பு கோத்த கறுப்புக் கயிற்றை அவள் கையில் கட்டி, "கிளேட்டன் போய்ச் சேர்ற வரைக்கும் கழட்டாதடி" என்றார்.

விமானத்தில் தந்த படிவத்தில், செடி, வேர் ஏதும் இருக்கிறதா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று குறித்துவிட்டு, மகளின் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டேன். மறைத்தால் அபராதம் என்று படிவத்திலேயே போட்டிருந்தது. தெரிந்தே சொன்ன பொய்தான்.

சோதனை வரிசையில் எங்கள் முறை வந்தது. அதிகாரி எதையும் கவனிக்கவில்லை. மகள் அவரைப் பார்த்துச் சிரித்தாள், அவரும் சிரித்தார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. கயிற்றைக் காட்டி, தப்பாக எழுதிவிட்டேன் என்றேன்.

அவர் பேனாவை நீட்டித் திருத்தச் சொன்னார். வசம்பை மட்டும் உருவி எடுத்துக்கொண்டார். பிறகு, ஒரு விரல் நுழையும்படி தளர்வாக, கயிற்றை அவரே மகளின் கையில் கட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் போன் செய்தேன்.

"வசம்பை எடுத்துட்டாங்கம்மா. கயிறை அந்த ஆபீசரே திரும்பக் கட்டிவிட்டாரு."

அம்மா கேட்டது ஒன்றுதான்.

"பிள்ளைக்கு இறுக்கமா இல்லியே?"

"இல்லம்மா."

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அபராதத்தைவிட அம்மாவுக்குத்தான் நான் அதிகம் பயந்திருக்கிறேன்.