சூளையில் வளர்ந்த கல்

ரங்கம்மாளுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டி இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. கோட்டை வேலைக்கு வேண்டிய சுண்ணாம்பை ஏரிக்கரையில் கிளிஞ்சல் சுட்டுக் கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. சுண்ணாம்புத் தூள் பட்டுப் பட்டு அவள் புருஷன் எல்லப்பனுக்கு இரண்டு கண்ணும் மங்கிப்போயின. உட்கார்ந்து துருத்தி போட மட்டும் அவனால் முடியும். கிளிஞ்சல் வாருவது, கழுவுவது, கரியோடு சூளையில் அடுக்குவது, வெந்ததை எடுத்துத் தண்ணீர் தெளிப்பது எல்லாம் அவள் பாடு.

அந்த ஐப்பசி மழையில் கோட்டையின் ஏரிப்பக்கச் சுவர் சரிந்தது. ஒல்லாந்தர் பேச்சை ஊராருக்கு எடுத்துச் சொல்லும் துபாசி வேதாசலம் சூளைக்கே வந்துவிட்டார்.

"பத்து நாள்ல சுண்ணாம்பு வேணும் ரங்கம்மா. கொத்தன் துரை குதிக்கிறான்."

"கிளிஞ்சலெல்லாம் மழைச் சேத்துல கெடக்குதுங்க. நாலு தண்ணி கழுவணும். அதுக்கே ஒரு வாரமாவும்."

"ஒரு தண்ணி போதும். தீய ஏத்திப் போடு. ரெண்டு நாள்ல வேவுறது ஒரு நாள்ல வேவட்டும். கரியும் அனுப்பறேன், இன்னொரு துருத்தியும் அனுப்பறேன்."

"மணலோட அம்மாஞ் சூடு குடுத்தா கெட்டுப்பூடுங்க."

"கெட்டா நான் பாத்துக்கறேன்."

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. ஒரு தண்ணீர் கழுவி, மணலும் சேறுமாகவே அடுக்கினாள். இரண்டு துருத்தியும் ஓய்வில்லாமல் ஓடின. வழக்கமாகச் சிவந்து கிடக்கும் சூளையின் அடிவயிறு அன்று கண் கூசும்படி வெளுத்தது.

ஆறியபின் எடுத்துத் தண்ணீர் தெளித்தாள். மேலே கிடந்தவை சீறிப் பூத்து மாவாயின. அடியில் கிடந்தவை சீறவுமில்லை, உதிரவுமில்லை. கல்லாகவே உட்கார்ந்திருந்தன. ஒன்றைச் சுத்தியால் தட்டி உடைத்தாள். கிளிஞ்சலும் மணலும் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் வளர்ந்திருந்தது. அது மணலுமில்லை, சுண்ணாம்புமில்லை. இரண்டையும் இரண்டு பக்கமும் தின்று தடித்திருந்தது. முன்பும் அங்கொன்றும் இங்கொன்றுமாக அதைக் கண்டிருக்கிறாள். பாதிச் சூளை அப்படி ஆனதை அன்றுதான் பார்த்தாள்.

மறுநாள் காலை வேதாசலம் வந்தார். குரல் மாறியிருந்தது.

"மணலக் கலந்து அளவக் கூட்டிட்டியாமே? துரை கேக்கறான்."

"கலந்தேன்னு யாரு சொன்னது?"

அவர் ஏரியைப் பார்த்தார். சொன்னது அவர்தான் என்று அவளுக்குப் புரிந்தது. கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. 'இதுக்கும் நாந்தான் நடக்கணுமா' என்ற அலுப்புதான் வந்தது. சூளையின் மேலடுக்கு, நடு, அடி என்று மூன்று இடத்திலிருந்தும் தண்ணீர் தெளிக்காமல் மிச்சமிருந்த கட்டிகளைக் கூடையில் போட்டுத் தலையில் தூக்கிக்கொண்டு கோட்டைக்கு நடந்தாள். வேறு வழியில்லாமல் வேதாசலமும் பின்னால் வந்தார்.

கொத்து வேலையை மேற்பார்க்கும் அந்த ஒல்லாந்தத் துரை இடிந்த சுவரடியில் நின்றிருந்தான். வெயிலில் உரிந்த கழுத்து. ரங்கம்மாள் அவனுடைய பலகைமேல் கட்டிகளை வரிசையாக வைத்தாள். தலை, இடுப்பு, பாதம் என்று கையால் காட்டி எது எங்கே கிடந்ததென்று சொன்னாள். பிறகு ஒவ்வொன்றாக உடைத்தாள். மேலே கிடந்ததில் மணல் தனியே உதிர்ந்தது. நடுவில் கிடந்ததில் ஒவ்வொரு மணலையும் சுற்றி நூல் போல ஒரு கோடு. அடியில் கிடந்ததில் அந்தக் கோடு நெல் தடிமனுக்கு வளர்ந்து, நடுவே மணல் வெறும் புள்ளியாகச் சுருங்கியிருந்தது. சுட்டபின் கலந்த மணலில் இப்படிச் சூட்டுக்கேற்பத் தோல் வளராது.

துரை அடிக்கட்டியைக் கத்தி முனையால் கீறினான். கத்தி வழுக்கியது. தண்ணீர் வாளியில் போட்டான். சத்தமே இல்லை. குந்தி உட்கார்ந்து மறுபடி மூன்றையும் வரிசையாகப் பார்த்தான். அதன்பிறகு வேதாசலத்திடம் ஏதோ கேட்டான். அவர் நெடுநேரம் பதில் சொன்னார். துரை அவரை நம்பியதாகத் தெரியவில்லை. ரங்கம்மாள் பக்கம் திரும்பி, இரு கையாலும் கிளிஞ்சல் அலசுவதுபோல் காட்டினான். தீயைத் தணிப்பதுபோல் உள்ளங்கையைத் தாழ்த்தினான். விரல்களை விரித்துப் பதினைந்து நாள் என்று காட்டினான்.

திரும்பி வரும்போது வேதாசலம், "பதினஞ்சு நாள் வாங்கிக் குடுத்துட்டேன்," என்றார். அவள் கூடையை இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"இன்னா சொன்னான்?" என்று சூளையடியில் உட்கார்ந்திருந்த எல்லப்பன் கேட்டான்.

"திரும்பச் சுடணும்."

"உம்மேல தப்பில்லன்னு ஒத்துக்கினானா?"

"ஒத்துக்கினான். அதுக்காவ சூளை தானா சுத்தமாவுதா?"

சூளையின் மண்சுவரிலும் கிளிஞ்சல் பட்ட இடமெல்லாம் அதே தோல் ஏறி இறுகியிருந்தது. அதைச் செதுக்காமல் அடுத்த அடுக்குப் போட முடியாது. குனிந்து உள்ளே புகுந்து உளியால் மூன்று நாள் செதுக்கினாள். மூன்றாம் நாள் வலது தோளில் ஏதோ பிசகியது. கோட்டைச் சுவர் தையில் எழுந்து நின்றது. தோள் மட்டும் சரியாகவில்லை. அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் இடது கையாலேயே கிளிஞ்சல் அள்ளினாள்.