காலி வீதியில் ஒரு மாட்டிலையான்

வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் கோயில் ரதம் நிற்கிறது. காலி வீதி என்ற அந்தப் பெருந்தெருவில் பஸ்கள் ஒதுங்க இடமில்லாமல் ஹோர்ன் அடிக்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து காலையில் வந்திறங்கிய நான், கூட்டத்தில் தள்ளுப்பட்டு ரத மாடுகளின் பக்கம் வந்துவிட்டேன்.

இடப்பக்கத்து வெள்ளை மாடு தலையை உலுக்கி முன்காலைத் தரையில் அடிக்கிறது. ரதம் ஆடுகிறது. மாட்டுக்கு ஓரடி முன்னால் ஒரு தாய், இடுப்பில் குழந்தையும் கையில் அர்ச்சனைத் தட்டுமாகப் பூசகருக்குக் காத்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் நகர இடமில்லை.

மாட்டுக்காரர் இரு கைகளாலும் மூக்கணாங்கயிறுகளை இழுத்துப் பிடித்திருக்கிறார்.

"என்ன அண்ணே, மாடு மிரளுதோ?"

"மாட்டிலையான் கடிக்குது தம்பி. கழுத்துக்குக் கீழ பாருங்க. எனக்குக் கயிறை விட ஏலாது, நீங்க எடுங்க."

கட்டைவிரல் நகமளவு சாம்பல் நிற ஈ. அது கடித்த இடத்திலிருந்து இரத்தம் கோடாய் இறங்குகிறது. நான் கையை ஓங்குகிறேன்.

"அடிக்க வேணாம். மிரண்டா அந்தப் பிள்ளைக்கு மேலதான் பாயும். தடவுற மாதிரி கொண்டுபோய் அமத்துங்க."

மாட்டின் தோல் என் விரல்களுக்கடியில் துடிக்கிறது. உள்ளங்கையை மெல்ல நகர்த்தி அழுத்துகிறேன். ஈ நசுங்கிக் கை ஈரமாகிறது. மாடு நீளமாக மூச்சு விட்டுக் காலை ஊன்றுகிறது. பூசகர் வந்து குழந்தையின் நெற்றியில் திருநீறு பூசுகிறார். தாய் எதுவும் அறியாமல் விலகிப் போகிறார்.

மாட்டுக்காரர் இன்னும் கயிற்றைத் தளர்த்தவில்லை.

"மற்ற மாட்டையும் ஒருக்காப் பாருங்க தம்பி" என்கிறார்.